ரெசிடென்சிக்கான பரிந்துரைக் கடிதங்களை எப்போது கேட்பது: மொரிசியஸ் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொரிசியஸில் மருத்துவம் முடித்தவர்களில் பலர் சிறப்புத்துறைப் பயிற்சிக்குப் பிரான்ஸ், இந்தியா, பிரிட்டன் ஆகிய நாடுகளையே நாடுகிறார்கள். ரெசிடென்சி எனப்படும் அமெரிக்கச் சிறப்புத்துறைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் சிலரே என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் கிடைப்பது அரிது. தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். பரிந்துரைக் கடிதத்தை எந்த மாதத்தில் கேட்பது, எந்த வாரத்தில் நினைவூட்டுவது என்று சொல்வார் இல்லை. விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் உங்கள் உழைப்பில் நடப்பவை. கடிதம் மட்டும் வேறொருவருடைய ஓய்வு நேரத்தை நம்பி நடப்பது. ஆகவே அதைக் கடைசி வேலையாக வைக்காமல் முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

தேதிகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பெரும்பாலான துறைகளுக்கான விண்ணப்பங்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் ஈராஸ் என்னும் இணையதளத்தின் வழியாகப் போகின்றன. 2025-இல் அந்தத் தளம் ஜூன் 4 அன்று திறந்தது. செப்டம்பர் 3 முதல் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க முடிந்தது. செப்டம்பர் 24 அன்று அமெரிக்கக் கிழக்கு நேரப்படி காலை 9 மணிக்கு மருத்துவமனைகள் விண்ணப்பங்களைப் படிக்கத் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டில் சமர்ப்பிப்பு செப்டம்பர் 4, மருத்துவமனைகள் படிக்கத் தொடங்கியது செப்டம்பர் 25. ஒவ்வோர் ஆண்டும் தேதி ஓரிரு நாள் நகரும்; அமைப்பு இதுவே. அந்தக் காலை 9 மணி நமக்கு மாலை 5 மணி. தமிழ் நாட்காட்டியில் சொன்னால் புரட்டாசி பிறந்து ஏறத்தாழ ஒரு வாரம். எனவே, நம் வீடுகளில் கோவிந்தன் விரதம் தொடங்கும் முன், அதாவது ஆவணி முடிவதற்குள், மூன்று கடிதங்களாவது தளத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் முதல் வாரத்துக்கும் படிக்கத் தொடங்கும் நாளுக்கும் இடையில் எப்போது சமர்ப்பித்தாலும், எல்லா விண்ணப்பங்களும் ஒரே தேதியிட்டவையாகவே மருத்துவமனைகளுக்குத் தெரியும். முதல் நாளே அனுப்பியவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. அதேபோல் கடிதங்கள் வராத காரணத்தால் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கவும் வேண்டாம். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகும் கடிதங்கள் ஏறலாம். ஏறிய பின் நீங்கள் அவற்றை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கலாம். ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்து விண்ணப்பத்தையே அக்டோபருக்குத் தள்ளுவது பெரிய இழப்பு, ஏனென்றால் நேர்காணல் அழைப்புகளில் பெரும்பகுதி அந்த மாதத்திலேயே போய்விடுகிறது.

ரொட்டேஷனை எந்த மாதத்தில் வைப்பது

கடிதத்தின் நேரம் உண்மையில் ரொட்டேஷனின், அதாவது மருத்துவமனையின் ஒரு பிரிவில் சில வாரங்கள் செய்யும் பயிற்சியின், நேரத்திலேயே தீர்மானமாகிறது. உங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர், உங்களோடு நேரில் வேலை செய்தவர், அண்மையில் பார்த்தவர் என்ற மூன்றும் சேர்ந்த கடிதமே எடையுள்ளது. வெளிநாட்டில் படித்தவர்களிடம் அமெரிக்க மருத்துவர்களின் கடிதத்தைப் பல மருத்துவமனைகள் எதிர்பார்க்கின்றன. ஆகவே அமெரிக்காவில் செய்யும் ரொட்டேஷனைச் சித்திரையிலிருந்து ஆடிக்குள், அதாவது ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் வைத்துக்கொள்வது நல்லது. படிப்பு முடியும் முன்பே, இறுதியாண்டு மாணவராக இருக்கும்போதே போக முடிந்தால் அதைத் தவறவிடாதீர்கள். மாணவருக்கு நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது, பட்டம் பெற்ற பின் போகிறவருக்குப் பெரும்பாலும் அருகில் நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப் மட்டுமே கிடைக்கிறது. நின்று பார்த்தவரைப் பற்றி ஒரு மருத்துவர் எவ்வளவுதான் எழுத முடியும்?

ஆகஸ்ட் ரொட்டேஷன் பயனற்றது அல்ல, ஆனால் இடர் உள்ளது. ஆகஸ்டில் அங்கே பலர் விடுப்பில் போவார்கள். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தேசிய விடுமுறை. ஆகஸ்ட் இறுதியில் கேட்ட கடிதம் செப்டம்பர் நடுவில் வந்துசேரும் என்று உறுதியாக நம்ப முடியாது.

ரொட்டேஷன் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ முடிந்துவிட்டால் வேறொரு சிக்கல் எழுகிறது. அப்போது அந்தப் பருவத்தின் ஈராஸ் திறந்திருக்காது. வெளிநாட்டுப் பட்டதாரிகள் தளத்துக்குள் நுழைய, அவர்களின் தகுதிக்குச் சான்றளிக்கும் அமைப்பான இசிஎஃப்எம்ஜி தரும் டோக்கன் என்னும் நுழைவு எண் வேண்டும். அது ஜூன் மாதத்தில்தான் கிடைக்கத் தொடங்கும். அதற்கு முன் கடிதத்தை ஏற்ற வழியில்லை. இந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்பதையே ஜூனுக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். நினைவு சூடாக இருக்கும்போதே எழுதி, தம் கணினியில் வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். ஜூனில் டோக்கன் வந்ததும், கடிதக் கோரிக்கைப் படிவத்தை அனுப்பினால் அவர் தேதியை மட்டும் மாற்றி ஏற்றிவிடலாம். நான்கு மாதம் கழித்து உங்கள் முகத்தை நினைவுபடுத்திக்கொண்டு எழுதும் கடிதம் "நேரம் தவறாதவர், பண்பானவர்" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடும்.

கேட்பதற்குரிய நாள்

நான்கு வார ரொட்டேஷன் என்றால், இரண்டாம் வாரத்தின் இறுதியில், நீங்கள் இந்தத் துறைக்கே விண்ணப்பிக்கப்போகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிலிருந்து அவர் உங்களைக் கவனிக்கும் விதம் மாறும். இடையில் ஒருமுறை, எதில் நான் மேம்பட வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொன்னதை அடுத்த சில நாட்களில் செய்து காட்டுங்கள். கடிதத்தைக் கடைசி வாரத்தில், கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பாக, நேரில் கேளுங்கள். கடைசி நாள் அவர் விடுப்பில் இருக்கக்கூடும்.

நம் பிள்ளைகளுக்குக் கடினமான இடம் இதுதான். பெரியவர்களிடம் போய் "என்னைப் புகழ்ந்து எழுதுங்கள்" என்று கேட்பது நம் வளர்ப்பில் இல்லை. ஆகவே கேள்வியை இப்படி அமைத்துக்கொள்ளலாம்: "டாக்டர், எனக்காக உறுதியான ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு என் வேலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறீர்களா?" இந்தக் கேள்வி அவருக்கும் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அவர் தயங்கினாலோ, "எழுதலாம், ஆனால் எனக்கு அதிகம் தெரியாது" என்றாலோ, நன்றி சொல்லி வேறொருவரை நாடுங்கள். அரைமனதாக எழுதப்பட்ட கடிதத்தைத் தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் ஒரே வாசிப்பில் கண்டுகொள்வார்கள்.

தீவு சிறியது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்பாவின் நண்பர் ஒருவர் மூத்த மருத்துவராக இருப்பார், கோயில் சங்கத்திலும் பெரிய பொறுப்பில் இருப்பார், அவரிடம் வாங்கினால் மதிப்பாக இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் உங்களை வார்டில் பார்த்தவர் இல்லை என்றால் அந்தக் கடிதம் வேண்டாம். அதைவிட, போர்ட் லூயி ஜீட்டூ மருத்துவமனையிலோ கண்டோஸ் விக்டோரியா மருத்துவமனையிலோ உங்களைத் தினமும் ரவுண்ட்ஸில் கேள்வி கேட்ட கன்சல்டன்ட் ஒருவரின் கடிதம் பன்மடங்கு மேல்.

கேட்ட அன்று மாலையே மின்னஞ்சலில் அவருக்குத் தேவையானவற்றை அனுப்பிவிடுங்கள்: உங்கள் சுயவிவரம், விண்ணப்பத்துக்கு எழுதிய தன்விளக்கக் கட்டுரையின் வரைவு, நீங்கள் அவருடன் சேர்ந்து பார்த்த மூன்று நான்கு நோயாளிகளைப் பற்றிய குறிப்பு. நோயாளியின் பெயர் வேண்டாம். ஆனால் நிகழ்ச்சி துல்லியமாக இருக்கட்டும். "நீரிழிவு நோயாளிகளைப் பார்த்தேன்" என்று எழுதினால் அவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. "காலில் புண்ணோடு மூன்றாம் முறை சேர்க்கப்பட்டவரின் மகளிடம் கிரியோலில் பேசி, வீட்டில் குளிர்பெட்டி பழுதானதால் இன்சுலினை நிறுத்திவிட்டார் என்பதைக் கண்டறிந்து ரவுண்ட்ஸில் சொன்னேன்" என்று எழுதினால் அந்தக் காலைப் பொழுது அவர் கண்முன் வரும், கடிதத்திலும் வரும். கடைசியாக, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். உங்களுக்குச் செப்டம்பர் 15 போதும் என்றாலும் அவருக்கு ஆகஸ்ட் 20 என்று சொல்லுங்கள்.

தளத்தில் செய்ய வேண்டியவை

ஈராஸில் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதிவை நீங்கள் உருவாக்க வேண்டும். அதை உறுதிசெய்ததும் அந்தக் கடிதத்துக்குரிய எண்ணோடு கோரிக்கைப் படிவம் ஒன்று கிடைக்கும். அதை மருத்துவருக்கு அனுப்புங்கள். கடிதத்தை ஏற்றுவது அவரோ அவர் நியமித்த உதவியாளரோ மட்டுமே; நீங்கள் ஏற்ற முடியாது, இசிஎஃப்எம்ஜிக்கு அனுப்பவும் கூடாது. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று பதிவில் கேட்கப்படும். விட்டுக்கொடுங்கள், விட்டுக்கொடுக்காத கடிதத்தை யாரும் முழுமனதாக நம்ப மாட்டார்கள்.

இங்குள்ள மருத்துவர்களில் பலர் இந்தத் தளத்தை ஒருமுறையும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ஜூலையிலேயே படிவத்தைக் கொடுத்து, கணக்குத் தொடங்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதியும் கொடுங்கள். மருத்துவமனையின் பெயர் பொறித்த தாளில், கையெழுத்தோடு, ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதை முன்னதாகவே சொல்லுங்கள். பிரான்ஸிலோ ரீயூனியனிலோ பயின்றவர்கள் இயல்பாகப் பிரெஞ்சில் எழுதிவிடக்கூடும், பிறகு மொழிபெயர்ப்புக்கு நாட்கள் ஓடும். பெயரின் எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். நம் குடும்பப் பெயர்கள் பிரெஞ்சு முறையில் ஒருவிதமாகவும் ஆங்கில முறையில் வேறுவிதமாகவும் எழுதப்படுகின்றன; அண்ணன் தம்பிகளின் பிறப்புச் சான்றிதழ்களிலேயே வேறுபாடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடிதத்தில் பாஸ்போர்ட்டிலும் இசிஎஃப்எம்ஜி பதிவிலும் உள்ள எழுத்துக்களே இருக்கட்டும்.

குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல், தேதி கடந்தபின் வாரம் ஒருமுறை இன்னொன்று என்பது மரியாதைக்குக் குறைவு அல்ல. அமெரிக்காவில் இருப்பவருக்கு நம் நேரம் மாலை 5 மணிக்கு அனுப்புங்கள். அவருடைய வேலைநாளின் தொடக்கத்தில் போய்ச்சேரும். இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் இல்லையென்றால் அவருடைய அலுவலக உதவியாளருக்கு எழுதுங்கள். செப்டம்பர் 5 ஆகியும் அசைவில்லை என்றால் மாற்று ஒருவரிடம் கேட்டாக வேண்டும். ஆகவேதான் மூன்று தேவையென்றால் ஐந்து பேரிடம் கேட்டு வைக்கச் சொல்கிறேன். எத்தனை கடிதங்களை வேண்டுமானாலும் தளத்தில் சேர்த்துவைக்கலாம்.

நான்காவது இடம்

ஒரு மருத்துவமனைக்கு அதிகம் போனால் நான்கு கடிதங்களையே ஒதுக்க முடியும். பலர் கைவசம் இருக்கும் நான்கையும் முதல் நாளே எல்லா இடங்களுக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். மருத்துவமனை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்ட பின், அதை அங்கிருந்து திரும்பப் பெற முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரு ரொட்டேஷனில் இருக்கிறீர்கள், அங்கிருந்து நல்ல கடிதம் வரும் என்று நம்புகிறீர்கள் என்றால், மூன்றை மட்டும் ஒதுக்கி நான்காவது இடத்தைக் காலியாக விடுங்கள். நடுத்தரமான ஒரு கடிதத்தால் அந்த இடத்தை நிரப்புவதைவிட இது நல்லது. அக்டோபர் முதல் வாரத்தில் வந்தாலும் அதற்குப் பயன் உண்டு. அக்டோபர் முடிந்தபின் வரும் கடிதம் அழைப்பைப் பெற்றுத் தருவது கடினம். ஆனால் ஏற்கெனவே அழைத்த இடங்களில் நேர்காணலுக்கு முன்னும், விண்ணப்பித்தவர்களை மருத்துவமனை வரிசைப்படுத்திப் பட்டியல் தயாரிக்கும்போதும் படிக்கப்படலாம் என்பதால் அப்போதும் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு துறைகளுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒரே மருத்துவரிடம் இரண்டு கடிதம் கேட்டால், தளத்தில் இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும். உள்மருத்துவத்துக்கு எழுதிய கடிதம் மனநலத்துறைக்குப் போய்ச்சேர்ந்தால் இரண்டு இடமும் கெடும். பதிவில் துறையின் பெயரைக் குறித்துவையுங்கள். ஒதுக்கும்போது அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

சில துறைகளின் வழி வேறு. மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவம் 2024-இல் தொடங்கிய பருவத்திலிருந்து ரெசிடென்சிகேஸ் என்னும் வேறு தளத்துக்குப் போய்விட்டது. கண் மருத்துவம் எஸ்எஃப் மேட்ச் என்னும் தனித் தளத்தின் வழியாக நடக்கிறது. அதன் முடிவுகள் மற்றத் துறைகளின் முடிவு வரும் மார்ச்சுக்கு முன்பே வந்துவிடும் என்பதால் எல்லா வேலையும் முன்கூட்டியே முடிய வேண்டும். அவசர மருத்துவத்தில் வழக்கமான கடிதத்தைவிட, ரொட்டேஷன் முடிவில் அந்தப் பிரிவே நிரப்பித் தரும் தரப்படுத்தப்பட்ட மதிப்பீட்டுக் கடிதத்துக்கே முதலிடம். ஆகவே அந்தத் துறையை விரும்புகிறவர்கள் ரொட்டேஷனை ஜூலைக்குப் பின் தள்ளவே கூடாது. அறுவை மருத்துவத்தில் துறைத்தலைவரின் கடிதத்தைக் கேட்கும் இடங்கள் உண்டு. தலைவர் உங்களை அறியாதவர் என்றால், அவரைச் சந்திக்க நாள் குறிப்பதற்கே சில வாரங்கள் ஆகும்.

யாருக்கு எந்த மருத்துவமனையில் இடம் என்ற முடிவு மார்ச் மூன்றாம் வெள்ளியன்று வருகிறது. இடம் கிடைக்காமல் அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்க நேர்ந்தால், பழைய கடிதங்கள் தளத்தில் தங்கியிருக்காது. புதிய கடித எண்ணோடு அதே மருத்துவர்கள் மறுபடியும் ஏற்ற வேண்டும். ஏப்ரலிலேயே அவர்களுக்கு எழுதி, இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்தீர்கள் என்பதை ஒரு பத்தியில் தெரிவித்து, புதிய தேதியோடும் அந்தச் செய்தியோடும் கடிதத்தைப் புதுப்பித்துத் தரக் கேளுங்கள். நான்கில் ஒன்றாவது முற்றிலும் புதியவர் ஒருவரிடமிருந்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.