டெப்பா, ஸ்னாப்பா, பிளாட்பேக்கா: லினக்ஸில் எதைப் போடுவது?

விண்டோஸ் பழக்கத்தில், உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டவுடன் பிரவுசரைத் திறந்து மென்பொருளின் தளத்துக்குப் போவோம். அங்கே டெப், ஆர்பிஎம், ஆப்இமேஜ், டார் ஜிஇசட் என்று ஒவ்வொரு கோப்பு வடிவத்துக்கும் வரிசையாக பட்டன்கள் இருக்கும், எதை அமுக்குவது என்று தெரியாமல் முழிப்போம். அந்தத் தளத்துக்கே போகாதீர்கள். முதலில் உங்கள் கணினியிலேயே இருக்கும் மென்பொருள் கடையில் தேடுங்கள், விஎல்சி, ஜிம்ப் மாதிரி பெரும்பாலானவை அங்கேயே கிடைக்கும், அப்டேட்டும் தானாக வந்துவிடும்.

அங்கே இல்லையா? சரி, அப்போது இறக்கலாம். உங்கள் லினக்ஸ் வகை டெபியன், உபுண்டு, மின்ட் என்றால் டெப். ஃபெடோரா, ஓப்பன்சூசே என்றால் ஆர்பிஎம். கோப்பின் பெயரில் 'ஏஎம்டி64' என்று இருந்தால் 'என்னுடையது இன்டெல் ஆச்சே' என்று பயப்பட வேண்டாம், 64 பிட் இன்டெலுக்கும் அதுதான்.

டெப் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து ஒன்றும் நடக்காவிட்டால், அது இருக்கும் ஃபோல்டரில் டெர்மினலை (கட்டளை அடிக்கும் ஜன்னல்) திறந்து 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டியே கோப்பின் முழுப் பெயர். புள்ளியையும் கோட்டையும் விட்டுவிட்டால் ஆப்ட் என்ற அந்த நிறுவும் கருவி தன் கிடங்கில் தேடிவிட்டு அப்படி ஒன்றே இல்லை என்று கையை விரித்துவிடும்.

கடையில் கிடைக்கும் இன்னும் இரண்டு வடிவங்களான ஸ்னாப்பும் பிளாட்பேக்கும் தமக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது துணை நிரல்களை, தாமே கொண்டுவருபவை, அதனால் பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ஓடும், ஆனால் இடத்தை விழுங்கும். உபுண்டு ஸ்னாப் பக்கம். அதன் 22.04 பதிப்பு முதல் ஆப்ட் வழியாக ஃபயர்ஃபாக்ஸ் கேட்டாலும் கைக்கு வருவது ஸ்னாப்தான். மின்ட் தன் 20-ஆம் பதிப்பு முதல் ஸ்னாப்பைத் தடுத்துவைத்து பிளாட்பேக் தருகிறது. இரண்டுமே கணினியின் மற்றப் பகுதிகளை இஷ்டம்போல் தொட முடியாதபடி வேலிக்குள் ஓடுபவை என்பதால் சில சமயம் பென்டிரைவ் கண்ணில் படாது. இது தெரியாமல் பென்டிரைவ்தான் செத்துவிட்டது என்று ஒரு மாலை முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். பிளாட்பேக்குக்கு ஃபிளாட்சீல் என்ற செயலியைப் போட்டு அனுமதி கொடுங்கள், ஸ்னாப்புக்கு உபுண்டுவின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியில் அந்தச் செயலியைத் திறந்தால் அனுமதிகள் இருக்கும்.

ஆப்இமேஜை நிறுவவே வேண்டாம். வலது சொடுக்கில் பிராப்பர்ட்டீஸ் போய், இயக்க அனுமதி கொடுத்துவிட்டுத் திறந்தால் போதும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் சும்மா கிடந்தால் பெரும்பாலும் 'லிப்ஃபியூஸ்2' என்ற லைப்ரரி இல்லாத குறை, உபுண்டு 24.04-இல் அதன் பெயர் 'லிப்ஃபியூஸ்2டி64'. டார் ஜிஇசட் என்ற சுருக்கிக் கட்டிய கோப்புப் பொதியை, வேறு வழியே இல்லாதவரை தொடாதீர்கள்.

அப்புறம், ஒரே செயலியை இரண்டு வடிவத்தில் போட்டுவிட்டு 'என் செட்டிங்ஸ் எல்லாம் காணோம்' என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. ஸ்னாப் தன் அமைப்புகளை ஹோமில் 'ஸ்னாப்' ஃபோல்டரிலும், பிளாட்பேக் மறைந்திருக்கும் 'வார்' ஃபோல்டரிலும் வைக்கும். மெனுவில் ஒரே ஐகான் இரண்டு இருந்தால் 'ஸ்னாப் லிஸ்ட்', 'பிளாட்பேக் லிஸ்ட்' இரண்டையும் ஓட்டி, எது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு ஒன்றை நீக்குங்கள்.