திருவனந்தபுரம்–லண்டன் நேரடி விமானம்: எந்த மாடல் வாங்குவது என்று நாமே கணக்குப் போடுவது எப்படி

ஏர்பஸ் ஏ350 நல்லதா போயிங் 787 நல்லதா என்று சண்டை போடுகிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊர்களில் இது ஆச்சரியமும் இல்லை. ஆனால் விமானம் வாங்குகிற நிறுவனம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே இல்லை. எந்த ஊருக்கு, எத்தனை பேர், எந்த மாதத்தில், அடிவயிற்றில் எவ்வளவு சரக்கு, எந்த வருஷம் விமானம் கைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில்தான் மாடல் பெயருக்கு வரும். அதே வரிசையில் நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். பயிற்சிக்கு ஒரு கற்பனைச் சேவை: திருவனந்தபுரத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானம். நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல் பக்கமிருந்து பிரிட்டனுக்குப் போன நர்சுகள், படிக்கப் போன பிள்ளைகள், பேரப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் அப்பா அம்மா, இவர்களெல்லாம் வளைகுடாவில் இறங்கி மாறாமல் ஒரே ஏற்றத்தில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தூரத்தை எழுதுங்கள். நேர்வழியில் சுமார் 8,400 கிலோமீட்டர். போகும்போது எதிர்காற்று, வான்வெளி மூடல், சுற்றுவழி எல்லாம் சேர்த்து பத்தரை மணி நேரத்துக்குக் குறையாது. இப்போது விளம்பரத்தில் போடும் தூரங்களைப் பாருங்கள்: 787-9 சுமார் 14,000 கிலோமீட்டர், ஏர்பஸ்ஸின் ஏ330-900 சுமார் 13,300, ஏ350-900 15,000-க்கும் மேல். மூன்றுமே தாராளமாகப் போகும், ஆக இந்தச் சேவைக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. இங்கேதான் புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் வழி தவறுவார்கள், அதிக தூரம் பறக்கிற விமானத்துக்கு அதிக மார்க் போட்டுவிடுவார்கள். அதிக தூரம் என்றால் அதற்கேற்ற எரிபொருளைச் சுமக்க இறக்கையும் சக்கரத் தொகுதியும் உறுதியாக இருக்க வேண்டும், அந்த எடையைத் தேவையில்லாத நாளிலும் தூக்கிக்கொண்டேதான் பறக்க வேண்டும். 787-9, ஏ330-900 இரண்டின் உச்சப் புறப்பாட்டு எடையும் 250 டன்னை ஒட்டி இருக்கிறது, ஏ350-900-க்கு 280 டன்னைத் தாண்டுகிறது. பல விமான நிலையங்களில் தரையிறங்கும் கட்டணமே எடையை வைத்துத்தான். அதனால் சில நிறுவனங்கள் விமானத்தின் உச்ச எடையைக் காகிதத்தில் குறைத்துப் பதிவு செய்துகொள்வதும் உண்டு, விமானம் அதேதான், பில் மட்டும் குறையும்!

தூரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிற இடமும் உண்டு. சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் போக ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் நிறுவனம் ஏ350-ன் பெரிய வடிவமான ஏ350-1000-ஐத் தேர்ந்தெடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி வைத்து, இருக்கைகளை 238 ஆகக் குறைத்துத்தான் அது 17,000 கிலோமீட்டரைத் தொடுகிறது. இன்னொன்று, விளம்பரத் தூரம் பயணிகளையும் பெட்டிகளையும் மட்டும் வைத்துச் சொல்வது. சரக்கு ஏற்ற ஏற்ற அது குறையும்.

அடுத்தது நேரம். போக பத்தரை, வர பத்து, இரண்டு ஊரிலும் சுத்தம் செய்ய, எண்ணெய் நிரப்ப, ஆளேற்ற இரண்டிரண்டு மணி நேரம். கூட்டினால் இருபத்து நாலரை மணி. அதாவது ஒரே விமானத்தை வைத்துத் தினசரி சேவை நடத்தவே முடியாது. வேறு சேவைகளும் செய்கிற ஒரு விமானக் கூட்டத்திலிருந்துதான் இதற்கு விமானம் வர வேண்டும். இந்த ஒரு கணக்கிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது: தனியாக இந்தச் சேவைக்குப் பொருத்தமான மாடல் எது என்பதைவிட, ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்பது பெரிய கேள்வி.

இப்போது இருக்கைக் கணக்கு. என் கருத்தில் மொத்த விஷயத்தின் உயிர் இங்கேதான். 300 இருக்கை விமானத்தில் ஒரு முழுப் பயணத்துக்கு 100 பங்கு செலவு, 350 இருக்கை விமானத்தில் 110 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் பயிற்சிக்கு மட்டும்). இரண்டும் நிரம்பினால் பெரியதுதான் மலிவு, ஒரு இருக்கைக்கு 0.314, சின்னதில் 0.333. ஆனால் இரண்டிலும் 270 பேர்தான் ஏறினார்கள் என்றால் சின்னதில் ஒருவருக்கு 0.37, பெரியதில் 0.41. ஆக இருக்கைக்கு இவ்வளவு குறைவு என்று விற்பவர் சொல்லும்போது நிரம்புமா என்று திருப்பிக் கேட்க வேண்டும். நம் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கூரையில் ஏற்றினாலும் ஆள் வருவார்கள், பள்ளி விடுமுறையிலும் அப்படியே. பிப்ரவரியில் யார் போவார்? பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக எழுதிப் பார்த்தால், புதிதாகத் தொடங்கும் சேவைக்குச் சின்னதே பாதுகாப்பு என்று தெரியும். ஆனால் ஹீத்ரோவில் இறங்கும் நேர ஒதுக்கீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒன்றே ஒன்று கிடைக்கும் என்றால் அதில் பெரிய விமானத்தை விடத்தான் எவருக்கும் தோன்றும்.

இருக்கை எண்ணிக்கை என்பதே விமானத்தோடு பிறப்பதல்ல என்பதையும் கவனியுங்கள். 787-ஐ முதலில் வரிசைக்கு எட்டு என்று யோசித்தார்கள், இன்று பெரும்பாலும் ஒன்பது, ஜப்பான் ஏர்லைன்ஸ் எட்டிலேயே நிற்கிறது. போயிங் 777-ல் ஒன்பதாக இருந்தது பத்தாகிவிட்டது. ஏ330-ல் இரண்டு, நான்கு, இரண்டு. கணவனும் மனைவியும் மட்டும் போகிறவர்களுக்கு அதைப்போல சுகம் வேறில்லை.

அதுசரி, திருவனந்தபுரத்துக்கு எமிரேட்ஸ் ஏன் நாலு மணி நேரப் பயணத்துக்கு 777-300ஈஆர் மாதிரி பெரிய விமானத்தைக் கொண்டு வருகிறது என்று கேட்பீர்கள். அவர்களிடம் சின்ன விமானமே கிடையாது. தவிர இந்தியா–துபாய் உடன்பாட்டில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு இத்தனை இருக்கை, சுமார் 66,000, என்று உச்சவரம்பு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டை எந்த ஊருக்கு எவ்வளவு பிரிப்பது, துபாயில் இறங்கி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மாறுகிறவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் சேர்ந்த முடிவு அது. தனி ஒரு ஊரின் சேவையை வைத்து அந்த விமானம் வாங்கப்படவில்லை.

சரக்கை மறக்காதீர்கள். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குக் காய்கறி, பழம் போவது பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான். தோவாளைப் பூவும் மட்டிப் பழமும் காத்திருக்காத சரக்கு. எல்டி3 என்ற சரக்குப் பெட்டிக் கணக்கில் 777-300ஈஆர், ஏ350-1000 இரண்டும் 44 கொள்ளும், ஏ350-900, 787-9 இரண்டும் 36. சரக்கு வருமானம் கனமான சேவைகளில் இந்த வித்தியாசமே லாபம் நஷ்டத்தைத் தீர்மானிக்கும்.

ஓடுபாதை, இறக்கை அகலம் எல்லாம் இங்கே சுலபம், விரைவாகத் தாண்டலாம். திருவனந்தபுரத்தின் ஓடுபாதை சுமார் 3,400 மீட்டர், கடல்மட்டத்தை ஒட்டியது. நாம் பேசும் மாடல்களின் இறக்கை எல்லாமே 65 மீட்டருக்குள். பெரிய விமானங்களுக்கான நிறுத்துமிடங்களின் வழக்கமான வரம்பும் அதுதான். போயிங்கின் புதிய 777எக்ஸ் விரித்தால் கிட்டத்தட்ட 72 மீட்டர் என்பதால்தான் அதன் இறக்கை நுனி மடங்குகிறது.

எஞ்சினுக்கு வாருங்கள். சின்னமுட்டத்தில் விசைப்படகு வாங்குகிறவர் படகின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், எஞ்சின் நின்றால் மெக்கானிக் எத்தனை நாளில் வருவார், பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பாரே, அதே விசாரணைதான். ஏ350-க்கு ரோல்ஸ் ராய்ஸ் மட்டும், ஏ330-900 சேர்ந்த ஏ330நியோ வகைக்கும் அதே. 777எக்ஸுக்கு ஜிஈ (ஜெனரல் எலக்ட்ரிக்) மட்டும். 787-க்குத்தான் ஜிஈ, ரோல்ஸ் ராய்ஸ் என்று இரண்டு வழி. 787-ன் ரோல்ஸ் ராய்ஸ் ட்ரெண்ட் 1000 எஞ்சினில் தேய்மானச் சிக்கல் வந்தபோது பல நிறுவனங்களின் விமானங்கள் எஞ்சின் இல்லாமல் தரையில் நின்றன. 2023 துபாய் விமானக் கண்காட்சியில் எமிரேட்ஸ் தலைவர் டிம் கிளார்க், ஏ350-1000-ன் எஞ்சின் பாலைவன வெயிலில் போதிய காலம் உழைக்காது என்று வெளிப்படையாகவே குறை சொன்னார். அவர்கள் ஏ350-900-ஐ வாங்கினார்கள், பெரியதை விட்டுவிட்டார்கள். அதனால் எரிபொருள் சிக்கனம் எத்தனை சதவீதம் என்பதைவிட, இத்தனை மணி நேரப் பறப்புக்கு இவ்வளவு என்று எஞ்சின் நிறுவனம் போடும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே நான் பெரிதாக நினைப்பேன். புதிய தலைமுறை மாடல்களுக்கு இடையே எரிபொருள் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

பைலட் விஷயமும் செலவுதான். ஏ330, ஏ350 இரண்டுக்கும் பொதுவான தகுதி உண்டு, 777, 787-க்கும் அப்படியே. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற குறுகிய பயிற்சி போதும். ஏர்பஸ்ஸின் சின்ன விமானமான ஏ320-களையே பெரும்பாலும் வைத்திருந்த இண்டிகோ பெரிய விமானத்துக்கும் ஏர்பஸ்ஸிடமே போனதில் இதற்கும் பங்கு இருக்கும். பழைய 787-களோடு வாழ்கிற ஏர் இந்தியா 2023-ல் 40 ஏ350, 20 787, 10 777எக்ஸ் என்று எல்லாவற்றையும் கலந்து வாங்கியது வேறு மாதிரி சிந்தனை: யார் சீக்கிரம் தருவார்கள் என்பது. முதலில் வந்த ஆறு ஏ350-900-களும் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டப்பட்டு, போர்த் தடையால் கொடுக்க முடியாமல் நின்றவை.

காத்திருக்கும் வருஷங்களுக்கும் விலை போடுங்கள். 777எக்ஸ் 2013-ல் அறிவிக்கப்பட்டது, 2020-ல் வர வேண்டியது, இப்போது 2027 என்கிறார்கள். அதுவரை பழைய விமானத்துக்குப் புது இருக்கை போட்டு ஓட்ட வேண்டும். பட்டியல் விலையை நம்பாதீர்கள், 2018 பட்டியலில் ஏ350-900 சுமார் 31.7 கோடி டாலர், அந்த விலையை யாரும் கொடுப்பதில்லை. பாதியளவுத் தள்ளுபடி, பயிற்சி, உதிரிபாகக் கடன், பழைய விமானத்தைத் திரும்ப எடுப்பது, சொன்ன எரிபொருள் அளவு வராவிட்டால் இழப்பீடு என்று பேரம் நீளும், எல்லாமே ரகசியம்.

இவ்வளவும் போட்டால் நம் லண்டன் சேவைக்குப் பதில்: ஏர் இந்தியா நடத்தினால் 787-9, புதிதாக ஒருவர் தொடங்கி மலிவாகச் சீக்கிரம் வேண்டுமென்றால் ஏ330-900, இண்டிகோ என்றால் ஏ350-900, அதிலும் தூரம் அதிகமாகவே மிஞ்சும். கடைசியாக, செய்தி படிக்கும்போது உறுதி ஆர்டர், விருப்ப உரிமை, புரிந்துணர்வு ஒப்பந்தம் மூன்றையும் பிரித்துப் படியுங்கள். இண்டிகோ 2024 ஏப்ரலில் 30 ஏ350-900-க்கு உறுதி கொடுத்து, இன்னும் 70 வாங்கும் உரிமையை வைத்துக்கொண்டது. 2025-ல் அதிலிருந்து 30-ஐ உறுதியாக்கியது. மீதி 40 அவர்கள் வாங்கினாலும் வாங்கலாம், விட்டாலும் விடலாம்.