பேசாத பிள்ளையும் நோட்டில் வரவேண்டும்: பாலர் வகுப்பில் பார்த்து எழுதும் முறை

பால்வாடியிலோ எல்.கே.ஜி. வகுப்பிலோ மாதக் கடைசியில் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் நாலைந்து பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். சத்தமாகப் பாடுகிற பிள்ளை, அடித்துக்கொள்கிற பிள்ளை, அழுகிற பிள்ளை. மற்ற பிள்ளைகளுக்கு "நன்றாகப் பங்கேற்கிறான்" என்று ஒரே வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் எதையும் மாற்ற முடியாது. கண்ணில் பட்டதை எழுதலாம் என்று விட்டால் இப்படித்தான் ஆகும். யாரை, எப்போது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பாலர் வகுப்புகளை மனத்தில் வைத்து அந்த முறையைச் சொல்கிறோம்.

முறை வைத்துப் பார்ப்பது

வகுப்பில் 20 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 4 பேர் என்றால் திங்கள் முதல் வெள்ளிக்குள் 20 பேரும் முடிந்துவிடுவார்கள். அன்றைய நால்வரையும் மூன்று வேளை பார்க்கவும்: காலையில் வந்து உட்காரும்போது, இஷ்டப்படி விளையாடும்போது, பாட்டோ கதையோ நடக்கும்போது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 2 நிமிடம். மொத்தம் 24 நிமிடம்தான். பாட்டு நடத்திக்கொண்டே எழுத முடியாது. அந்த 8 நிமிடம் உதவியாளர் பாட்டை எடுத்துக்கொள்ளட்டும்.

பெயர்களைச் சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்துங்கள். வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே போனால், முதல் பெயருக்கு எப்போதும் திங்கட்கிழமைதான் வாய்க்கும். இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரும் பிள்ளை திங்கட்கிழமை மந்தமாகத்தான் இருக்கும். வராத பிள்ளையை அடுத்த திங்கள் முதலில் பாருங்கள். அதற்குப் பதில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையை எழுதிவிடக் கூடாது. அடிக்கடி வராத பிள்ளைதான் நோட்டிலும் காணாமல் போகும்.

ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் ஒரு துண்டில் ஒரு குறிப்பு. வாரத்துக்கு 60 துண்டு, அதாவது 15 தாள். நாலு வாரத்தில் பிள்ளைக்கு 12 குறிப்பு சேரும். பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு நின்றால் பிள்ளைகள் "டீச்சர் என்ன எழுதுறீங்க" என்று சுற்றி வந்துவிடுவார்கள். துண்டுத்தாளும் சிறு அட்டையும் போதும். இந்த முறையைத் தொடங்கும் முதல் வாரத்துக் குறிப்புகளை இந்த 12இல் சேர்க்கவேண்டாம். நீங்கள் எழுதுவது பிள்ளைகளுக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும்.

துண்டில் என்ன எழுதுவது

தலைப்பில் பிள்ளையின் குறியெழுத்து, தேதி, தொடங்கிய நேரம், இடம், பக்கத்தில் யார் என்பவை. அதற்குக் கீழே கை, கால், கண், வாய் என்ன செய்தன என்பது மட்டும். "கூச்சப்படுகிறாள்", "சோம்பேறி", "ஆர்வமில்லை" என்பவை நம் தீர்ப்புகள். அவற்றைத் துண்டின் பின்பக்கத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் எழுதலாம்.

"பாட்டில் கலந்துகொள்ளவில்லை" என்று எழுதப்பட்ட பிள்ளையை 2 நிமிடம் கவனித்தால் இப்படி வரும்: "10.12. யானைப் பாட்டு. வட்டத்துக்கு வெளியே, தூணைப் பிடித்து நிற்கிறாள். வாய் திறக்கவில்லை. கண் டீச்சரின் கையிலேயே. 'தும்பிக்கை' வரும்போது வலது கை லேசாக ஆடுகிறது. 10.13. பாட்டு நின்றதும் தூணிடம் முணுமுணுப்பு, 'யானை யானை'." இந்தப் பிள்ளை பாட்டுக்குள்தான் இருக்கிறாள். வட்டத்துக்குள் இல்லை, அவ்வளவுதான்.

இடத்தைக் குறிக்க ஒரு சுலப வழி உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடம் என்றால் கட்டம் ஏற்கெனவே போட்டிருக்கிறது. சுவரிலிருந்து எத்தனையாவது கல், பார்டருக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுதினால் போதும். சிமென்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளலாம். பழைய வளவு வீட்டில் நடக்கும் வகுப்பில் தூண் மறைக்கும். ஒதுங்கும் பிள்ளை தூணுக்குப் பின்னால்தான் ஒதுங்கும். நீங்கள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பிள்ளை எப்போதும் கண்ணில் படாது. ஒவ்வொரு வேளைக்கும் இடம் மாறி நில்லுங்கள்.

பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதவேண்டும். செம்மைப்படுத்தக் கூடாது. நம் ஊரில் ஒரு சிக்கல் தனியாக உண்டு: "ஆயா" என்று பிள்ளை சொன்னால் அது வீட்டில் இருக்கும் பாட்டியா, வகுப்பில் சோறு ஊட்டும் ஆயாவா? "வீ.ஆயா", "வ.ஆயா" என்று அப்போதே பிரித்துக் குறிக்காவிட்டால் ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது புரியாது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை அந்த மொழியில் தனக்குத்தானே பேசினால் அதையும் காதில் விழுந்தபடி எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொன்ன பதிலை மட்டுமே பதிலாக எடுத்துக்கொண்டால் பாதி வகுப்பு ஊமையாகத் தெரியும்.

ஆறு குறி, ஐந்து எண்

விளையாட்டு நேரத் துண்டின் மூலையில் ஒரு குறி போடலாம். பிள்ளைகள் பிறரோடு எப்படி விளையாடுகிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட பகுப்பு இன்றும் கைகொடுக்கிறது. சு: எதிலும் ஈடுபடாமல் சும்மா இருப்பது. வே: பிறர் ஆட்டத்தை நின்று பார்ப்பது. த: தனியாக ஆடுவது. ப: பக்கத்துப் பிள்ளையைப் போன்ற சாமானை வைத்துக்கொண்டு அவரவர் பாட்டுக்கு ஆடுவது. சே: சாமானைக் கொடுத்து வாங்கி, பேசி ஆடுவது, ஆனால் பொதுவான திட்டம் இல்லை. கூ: ஆளுக்கொரு வேலை பிரித்து ஒன்றாக ஆடுவது.

பல்லாங்குழிப் பலகையில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் புளியங்கொட்டையை நிரப்பிக்கொண்டிருந்தால் 'ப'. கொட்டை தீர்ந்ததும் "இந்தா" என்று நீட்டினால் 'சே'. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த வாரம் வகுப்பிலும் மாடுகள் ஓடும். ஓடுகிற பிள்ளைகளை மட்டும் எழுதிவிடாதீர்கள். தொழுவைத் திறக்கிற பிள்ளை நகரவே மாட்டாள். ஆனால் அவள் கையை எடுத்தால்தான் மாடு வரும். அதற்குக் குறி 'கூ'.

இந்த ஆறும் ஏறவேண்டிய படிகள் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை அரைமணி நேரம் தனியாகப் படம் வரைந்தால் அது குறை இல்லை. எவ்வளவு ஆழ்ந்திருக்கிறது என்பதற்கு வேறு அளவு வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஃபெரே லாவர்ஸ் வகுத்த ஈடுபாட்டு அளவுகோலில் 1 முதல் 5 வரை எண் உண்டு. 1 என்றால் செயலே இல்லை. 2, செய்கிறது, ஆனால் அடிக்கடி அறுந்துபோகிறது. 3, தொடர்ந்து செய்கிறது, மனம் ஒட்டவில்லை. 4, இடையிடையே மூழ்குகிறது. 5, கூப்பிட்டாலும் திரும்பாத அளவுக்கு மூழ்கியிருக்கிறது. 'த5' என்றால் கவலையில்லை. 'சே2' தொடர்ந்து வந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

குறி ஆளுக்கு ஆள் மாறும். மாதம் ஒருமுறை டீச்சரும் உதவியாளரும் 20 பிள்ளைகளில் ஒவ்வொருவரையும் ஒரே 2 நிமிடம் பார்த்துத் தனித்தனியாகக் குறி போடட்டும். 20 துண்டில் 16க்குக் குறைவாக ஒத்துப்போனால் எந்தக் குறியில் தகராறு என்று உட்கார்ந்து பேசவேண்டும். பெரும்பாலும் 'ப'வுக்கும் 'சே'வுக்கும் இடையில்தான் குழப்பம்.

டீச்சரையும் எண்ண வேண்டும்

இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படத்தை வரைந்து, 10 நிமிடம் டீச்சர் யார் பெயரைச் சொல்கிறார், யாரிடம் கேள்வி கேட்கிறார் என்று உதவியாளர் கோடு போடட்டும். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் கோடு குவியும். கோடே விழாத பிள்ளையைப் "பங்கேற்கவில்லை" என்று எழுதுவது நியாயமில்லை. அதற்கு வாய்ப்பே வரவில்லை. கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு அடுத்தவரிடம் போனால், மெதுவாகப் பேசும் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும்.

புகைப்படம் எடுப்பதானால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே வேண்டாம்.

மாதக் கடைசியில்

ஒரு பிள்ளையின் 12 துண்டையும் தரையில் பரப்புங்கள். எந்த இடம், எந்த நேரம், யார் பக்கத்தில் என்ற மூன்றை மட்டும் தேடுங்கள். தூணைப் பிடித்து நின்ற பிள்ளை சொப்புச் சாமான் மூலையில் 'கூ4' என்று இருந்தால், இரண்டு வாரத்துக்குப் பாட்டை அந்த மூலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இடத்தையும் பாட்டையும் பக்கத்துப் பிள்ளையையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பெயரைச் சொன்னாலும் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்று பல வாரத் துண்டுகளில் வந்தால், நோயின் பெயர் எதையும் நீங்கள் சூட்டாதீர்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருவதற்கு ஏற்பாடு உண்டு. தேதி போட்ட துண்டுகளை அவர்களிடம் காட்டுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று பட்டால் பெற்றோரிடம் கொடுத்துக் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள். "பேசவே மாட்டேங்குறான்" என்பதைவிட, தேதியோடு எழுதிய 12 குறிப்பு மருத்துவருக்கு உதவும்.

கூட்டிப்போக வரும் அப்பத்தாவிடம் முழுக் குறிப்பையும் படிக்க வேண்டாம். "இன்னைக்குத் தொழுவைத் திறந்துவிட்டது உங்க பேத்திதான்" என்று ஒரு வரி சொல்லுங்கள். வீட்டில் அவள் என்ன பாடுகிறாள் என்று திருப்பிக் கேளுங்கள். வரும் பதிலையும் ஒரு துண்டில் எழுதி, "அப்பத்தா சொன்னது" என்று குறித்து, அவள் துண்டுகளை வைக்கும் உறையில் போட்டுவையுங்கள்.