ஜெர்பராவின் கழுத்தில் மண் படக்கூடாது

தளிப் பக்கம் எங்கள் நிலத்தில் 2000 சதுர மீட்டருக்கு ஒரு பாலிஹவுஸ், அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பசுமைக்குடில் இருக்கிறது, ஏறக்குறைய அரை ஏக்கர். ஏழு வருடமாக அதில் ஜெர்பராதான். கல்யாண மேடைக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிசை கட்டி நிற்குமே, அந்தப் பூ. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்ததும் மானியத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டால் அந்த வருட விவரம் கிடைத்துவிடும். நான் சொல்ல வருவது குருத்தைப் பற்றி. இலையெல்லாம் ஓரிடத்திலிருந்து கிளம்பும் முடிச்சு அது, எங்கள் பக்கம் கிரவுன் என்போம். ஜெர்பரா சாவதும் பிழைப்பதும் அந்த இடத்தில்தான்.

முதல் வருடம் நடவுக்கு வந்த அக்காமார் எல்லோரும் தக்காளி, கோஸ் நட்டுப் பழகியவர்கள். நானும் அப்படித்தான். கழுத்துவரை மண் அணைத்து, அழுத்தி நட்டோம். மூன்றாவது வாரம் சில செடிகள் மதியத்தில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் கூட்டி விட்டேன். நாலு நாள் கழித்து ஒரு செடியைத் தொட்டுத் தூக்கினால், இலைக்கொத்து மட்டும் கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாக அழுகி, வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது. ஒரு நாற்று 30 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது. மூன்று பாத்தி அப்படியே போனது.

அதனால் இப்படி நடுங்கள். திசு வளர்ப்பு நாற்று சின்ன வேர்க்கட்டியோடு வரும். அந்தக் கட்டியின் மேல்பக்கம் பாத்தி மண்ணைவிட ஒரு விரல்கடை உயரமாக நிற்க வேண்டும், அதாவது 1 முதல் 2 சென்டிமீட்டர். பார்த்தால் சரியாக ஊன்றாமல் விட்டதுபோலத் தெரியும், பயப்பட வேண்டாம். வேர் தானே கீழே இறங்கிக்கொள்ளும். நட்டு முடித்த அன்று சாயங்காலம் நீங்களே பாத்திக்குப் பாத்தி குனிந்து பாருங்கள். குருத்தில் மண் ஏறியிருந்தால் விரலால் ஒதுக்கிவிடுங்கள். 12,000 நாற்றையும் பார்க்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

பாத்தி அதற்கு முன்பே சரியாக அமைந்திருக்க வேண்டும். நல்ல செம்மண், மக்கிய தொழு உரம், நெல் உமி கலந்து 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி. மேலகலம் இரண்டடிக்குக் கொஞ்சம் கூட, நடுவில் நடக்க ஓரடி. பாத்திக்கு இரண்டு வரிசை, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர், ஒன்றுக்கொன்று எதிரே வராமல் மாற்றி மாற்றி. சதுர மீட்டருக்கு ஆறு செடி கணக்கு வரும். மண்ணின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாது. நடவுக்கு முன் மண்ணைக் கிருமி நீக்கம் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். வெள்ளி கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கிறது, டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவுக்கே ஊற்றுங்கள்.

தண்ணீர் டிரிப்பில் (சொட்டுநீர்க் குழாயில்), காலையில் மட்டும். வளர்ந்த செடிக்கு நாளுக்கு அரை லிட்டரிலிருந்து 700 மில்லி. மழைநாளில் அதுவும் வேண்டாம். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள், நீர் கசிந்தால் அன்று வால்வைத் திறக்காதீர்கள். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதனால் கூரை மழைநீரைக் குட்டையில் சேர்த்து அதோடு கலக்கிறோம். 2000 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தாலே 2000 லிட்டர். அதை வழிய விடலாமா?

விடிகாலையில் ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். அது சொட்டுவது குருத்தில்தான். ஏழு மணிக்குள் பக்கத் திரையைச் சுருட்டிக் காற்று விடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் மேற்குப் பக்கத்தை மட்டும் இறக்கி வைத்தால் போதும்.

அடுத்தது மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய வேலை. முதல் இரண்டு மாதம் வரும் மொட்டையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். என் மாமியார், “பூக்கிற செடியில கை வைக்காதம்மா” என்று தடுத்தார். பதினைந்து இலை சேராத செடியைப் பூக்க விட்டால் அது தேறாது. இரண்டு, இரண்டரை வருடம் தர வேண்டிய பலனில் அடி விழும். ஒழுங்காக வளர்ந்த செடி வருடத்துக்கு 35 பூவுக்குக் குறையாது.

வெள்ளை ஈ, இலைப்பேனுக்கு மஞ்சள், நீல ஒட்டுப்பொறி கட்டுங்கள். சிலந்திப்பேன் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும், திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். காய்ந்த இலையை வாராவாரம் எடுத்து வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

பூ எடுக்கக் கத்தி தேவையில்லை. காம்பின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாகத் திருகி இழுத்தால் ‘டக்’கென்று வந்துவிடும். வெட்டினால் மிச்சக் கட்டை அழுகி, அழுகல் மறுபடி குருத்துக்கே இறங்கும். பூவின் நடு வட்டத்தைப் பாருங்கள். வெளி ஓரத்துச் சிறுபூக்கள் இரண்டு மூன்று வரிசை விரிந்து மகரந்தம் தெரிந்தால் பறிக்கலாம். அவசரப்பட்டால் ஜாடியில் கழுத்து தொங்கிவிடும். பறித்ததும் காம்பு நுனியில் இரண்டு சென்டிமீட்டர் நறுக்கி, குளோரின் கலந்த தண்ணீரில் நிற்க வையுங்கள். அப்புறம் பூவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி, பத்துப் பத்தாகக் கட்டு.

விலை முகூர்த்தத்தைப் பொறுத்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பூ தேங்கும். பெங்களூருக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கன்னடக்காரர்கள் கல்யாணம் வைக்காத ஆஷாட மாதம் பல வருடங்களில் நம் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். நாற்றுக்கு முன்பணம் கட்டும்போதே பஞ்சாங்கத்தைக் கையில் எடுங்கள். நட்டு மூன்று மாதத்தில் பூ வரும். நாங்கள் வைகாசியில் நடுகிறோம், ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் கட்டு வண்டி ஏறுகிறது.