மீற்றரைப் பார்க்க முன்னம் நின்ற இடத்தைப் பாருங்கள்

போன தை மாதம் மச்சானோடு யாழ்ப்பாணம் கொக்குவிலுக்கு ஒரு பழைய ஹொண்டா வெசல் பார்க்கப் போனேன். 2014 ஆம் ஆண்டுக் கார், முத்து வெள்ளை. மீற்றரில் 41,000 கிலோமீற்றர். சொந்தக்காரர் கனடாவில், தம்பிக்காரர்தான் கேற்றைத் திறந்துவிட்டார். "அண்ணை வருசத்துக்கு ஒருக்கா வந்து ஒரு மாசம் ஓடுவார். மிச்ச நாள் முழுக்கக் கொட்டிலுக்குள்ளதான் நிண்டது. புதுக் கார் மாதிரி," என்றார். மச்சானின் முகத்தில் அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. நான் டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றி ஏசி பில்டரை இழுத்தேன். தும்பும் உமியுமாக ஒரு எலிக்கூடு மடியில் வந்து விழுந்தது.

எங்கள் ஊரில் பழைய கார் பார்க்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தினை ஓடினது?" இரண்டாவது கேள்வி "என்ன நம்பர்?" இரண்டும் தேவைதான். ஆனால் நான் பார்த்த அளவில், காசைத் தின்ற கார்களில் பாதிக்கு மேல் "எங்க நிண்டது?" என்ற கேள்வி கேட்கப்படாமல் வாங்கப்பட்டவை.

ஹொண்டா வெசல், ரொயோட்டாவின் சீஎச்ஆர், ரைஸ் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் வரி. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் இங்கே வரி போடுவார்கள். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த வெசலின் எஞ்சின் 1496 சீசீ, 1500க்குள் அடங்கியது. 2019 நவம்பரில் வந்த ரைஸ் 996 சீசீ, ஆயிரத்துக்குள் அடங்கியது. அது இங்கே இறங்கத் தொடங்கி மூச்சு விடுவதற்குள் 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில், ஏறிய வரியோடு. அதனால் இன்று சந்தையில் ஓடித்திரியும் வெசல்களில் பல பத்து வயதைத் தாண்டியவை. விலை மட்டும் வயதுக்கு இறங்கவில்லை.

நம்பரில் ஏமாறுவதும் இங்கேதான். இலக்கத் தகட்டின் எழுத்து, கார் இலங்கையில் பதிவான காலத்தைத்தான் சொல்லும். ஜப்பானில் இரண்டு மூன்று வருடம் ஓடிவிட்டு வந்த காரும் அதே எழுத்தோடு நிற்கும். பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டு என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அதைப் பாருங்கள். காரின் உடலில் பொறித்திருக்கும் சசி (chassis) நம்பர் இருந்தால், ஜப்பானில் ஏலத்தில் விற்றபோது காரைச் சோதித்து எழுதிய ஏலத் தாளின் பிரதியைக் கட்டணம் கட்டி எடுக்கலாம். அதில் அன்றைய கிலோமீற்றர் இருக்கும். தரம் 4 அல்லது 4.5 என்றால் நிம்மதி. ஆர் என்றோ ஆர்ஏ என்றோ இருந்தால் கார் அடிபட்டுத் திருத்தப்பட்டது. புறோக்கர் தானாகவே கொண்டுவந்து நீட்டும் ஏலத் தாளை நான் நம்புவதில்லை. அதை அச்சடிக்க ஒரு கொம்பியூட்டர் போதும்.

ஓடாத கார்

புலம்பெயர்ந்தவரின் கார் என்றால் எங்களுக்கு ஒரு மயக்கம். ஆனால் வருடத்தில் பதினொரு மாதம் நின்ற ஹைபிரிட் காரில், அதாவது பெற்றோல் எஞ்சினோடு பற்றரி மோட்டாரும் சேர்ந்த காரில், நடப்பது இதுதான்: முதலில் சின்னப் பற்றரி, அதாவது 12 வோல்ட் பற்றரி, செத்துப்போகும். அது செத்தால் மோட்டாரை ஓட்டும் பெரிய பற்றரியை விழிக்கச் செய்ய முடியாது. பெரிய பற்றரியும் தன்பாட்டில் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். பழைய செல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. ஒன்று இரண்டு பின்தங்கினால் முழுப் பொதியும் அவற்றின் அளவுக்குத்தான் வேலை செய்யும். எலி வயரைக் கடிக்கும். பெற்றோல் பழசாகும். ரயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும்.

ரயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2315 என்றால் 2015 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். கொக்குவில் காரில் இருந்தது கிட்டத்தட்ட அதுதான். பூ தேயவே இல்லை, ஆனால் பக்கச் சுவரில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. தம்பிக்காரர் "ரயர் புதுசு மாதிரி" என்று சொன்னபோது பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது.

வெளிநாட்டில் இருக்கிறவர் காரை இங்கே விட்டுப் போவதாக இருந்தால் ஒரு விசயம். தம்பிமார் கிழமைக்கு ஒருக்கா "ஸ்ரார்ட் பண்ணி" இரண்டு நிமிடத்தில் நிறுத்துவதால் ஒரு பலனும் இல்லை. டாஷ்போர்டில் ரெடி (READY) விளக்கு எரிய வேண்டும். குறைந்தது அரை மணித்தியாலம் றோட்டில் ஓட வேண்டும். ஓடுவதற்கு முன் பொனற்றைத் திறந்து எலி பார்க்க வேண்டும்.

கடல் பக்கம்

குடாநாட்டில் கடலுக்குத் தூரமான வீடு என்று ஒன்று கிடையாது. ஆனாலும் பருத்தித்துறை – வல்வெட்டித்துறைக் கரையோர வீதியில் நின்ற காருக்கும் உரும்பிராயில் நின்ற காருக்கும் அடிப்பக்கத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். பண்ணைப் பாலத்தால் தினமும் வேலணைக்குப் போய்வந்த கார் வெளியே கண்ணாடி மாதிரி மின்னும். கீழே படுத்துப் பார்த்தால்தான் கதை தெரியும்.

படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சாக்கும் ஒரு ரோச்சும் கொண்டு போங்கள். முன்சக்கரங்களுக்கு நடுவே எஞ்சினைத் தாங்கும் சட்டம், பிறேக் பைப், சைலன்சர் தொங்கும் கொக்கி, கதவுகளின் அடி விளிம்பு. மேற்பரப்பில் செந்தூள் படிந்திருந்தால் பயமில்லை. இரும்பு அப்பளம் மாதிரிச் செதில் செதிலாக உரிந்தால் விட்டுவிட்டு வாருங்கள். இன்னொன்று: பத்து வயதுக் காருக்கு அடியில் நேற்றுப் பூசியது போலக் கறுப்புப் பூச்சு இருந்தால் அது பராமரிப்பாகவும் இருக்கலாம், மறைப்பாகவும் இருக்கலாம். ஸ்குறூ டிறைவரின் பிடியால் மெல்லத் தட்டினால் சத்தம் சொல்லும்.

வாங்கிய பிறகு கடல் பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்தைக் கழுவுவார்கள், நல்லது. ஆனால் எந்தத் தண்ணீரால்? கரையோரக் கிணறுகள் பல உவர். உவர்த் தண்ணீரால் உப்பைக் கழுவுகிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

ஹைபிரிட்டில் பிறேக் விசயமும் இதோடு சேரும். வேகம் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டார் செய்துவிடுவதால் பிறேக் பாட் லேசில் தேயாது. தேயாததால் யாரும் சில்லைக் கழற்றிப் பார்ப்பதில்லை. பிறேக் பாட்டை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரின் ஊசி உப்புக் காற்றில் இறுகிப்போகும். ஒரு பக்கச் சில்லு மட்டும் சூடாகி மணக்கும்போதுதான் ஓடித் திரிவார்கள். பாட் மாற்றத் தேவையில்லாவிட்டாலும் வருடத்தில் ஒருமுறை கழற்றித் துப்புரவாக்கிக் கிறீஸ் போடச் சொல்லுங்கள்.

வெள்ளம் பார்த்த கார்

கொழும்பில் மலிவாக வருகிறது என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள். களனி ஆற்றின் கரை 2016 மேயிலும் மூழ்கியது, 2025 நவம்பரில் டித்வா புயலோடும் மூழ்கியது. தண்ணீரில் நின்ற காரைக் காயவைத்து, சீற் கழுவி, வாசனைக் குப்பி தொங்கவிட்டு நானூறு கிலோமீற்றர் தள்ளி விற்பது சிரமமான வேலை இல்லை.

சீற் பெல்ற்றை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர் கை எட்டாத கடைசி அடியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். சீற்றுக்குக் கீழே தண்டவாளத்தைப் பிடிக்கும் போல்ற்றுகளின் தலை துருவேறி இருக்கக் கூடாது. வெசலில் பெரிய பற்றரி டிக்கித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. டிக்கிப் பலகையைத் தூக்கி மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். பூஞ்சண மணம் ஒளியாது.

இதே பிழையை வாங்கிய பிறகு நாங்களே செய்கிறோம். உயரமாக இருப்பதால் இவற்றை "ஜீப்" என்கிறோம். பெயரை நம்பி கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீருக்குள் இறக்குகிறோம். சீஎச்ஆர் ஹைபிரிட்டின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் 140 மில்லிமீற்றர்தான். ஒரு சாண் கூட இல்லை.

கொழும்பு நெரிசலில் ஓடிய கார்

வெசல் ஹைபிரிட்டின் கியர்ப்பெட்டி ஏழு வேக இரட்டைக் கிளச். ஒயிலில் நனையாத உலர் கிளச். ஊர்ந்து ஊர்ந்து போகும் ஓட்டம் அதற்கு நஞ்சு, சூடேறிவிடும். 2014 இல் ஜப்பானிலேயே சில முறை கார்களைத் திரும்ப அழைத்துக் கியர் மென்பொருளை மாற்றினார்கள். ஆகவே அனுராதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏ9 வீதியில் ஓடிய 120,000 கிலோமீற்றரை விட, கொழும்பில் காலையும் மாலையும் ஊர்ந்த 60,000 எனக்குப் பயம் தரும். (சசி நம்பர் ஆர்யூ1 என்று தொடங்கினால் அது பெற்றோல் வெசல், அதன் கியர் சீவீரி (CVT) என்ற வேறு வகை, இந்தக் கதை அதற்கில்லை. ஆர்யூ3, ஆர்யூ4 ஹைபிரிட்.)

ஓடிப் பார்ப்பதிலும் பிழை விடுகிறோம். விடியக் குளிர்ந்து கிடக்கும் காரை முதலில் ஸ்ரார்ட் பண்ணுகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். நீங்கள் போகும்போதே பொனற் சுட்டால் ஏன் என்று கேளுங்கள். பிறகு நாற்பது நிமிடமாவது ஓடிச் சூடாக்கி, ஆஸ்பத்திரி வீதி நெரிசலுக்குள் விட்டு, முதல் மூன்று கியருக்குள் உதறுகிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் பின்னுக்கு எடுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. யாழ்ப்பாணத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்பீர்கள். வாய்க்காலுக்கு மேலே கொங்கிறீற் போட்ட கேற்றடிச் சரிவு போதும்.

காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானர் போடாமல் ஹைபிரிட் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவது. அதிலும் ஓடி முடித்த பிறகு போட வேண்டும். விற்கிறவர் காலையில் பிழைக் குறிகளை அழித்துவிட்டிருந்தால் ஓட்டத்துக்கு முன் எல்லாம் பச்சையாகவே காட்டும். பற்றரியின் பகுதிகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். "போன வருசம்தான் பற்றரி செய்தது" என்றால் முழுப் பொதியா, கெட்ட செல் மட்டுமா என்று பற்றுச்சீட்டோடு கேளுங்கள். பழைய செல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் புதிதாக வைத்தால் அடுத்த பலவீனமான செல் வரிசையில் நிற்கும்.

996 சீசீ பெற்றோல் ரைஸ் வாங்குகிறவருக்கு இந்தத் தலையிடி பெரிதாக இல்லை. மூன்று சிலிண்டர், ரேர்போ. ஒயில் மாற்றிய சீட்டுகளைக் கேளுங்கள். மாற்றப் பிந்திய ஒயில் ரேர்போவைத்தான் முதலில் தின்னும்.

பேப்பர்

இதில் நீட்டி எழுத ஆசையில்லை. ஓப்பன் பேப்பரில் வாங்காதீர்கள். புத்தகத்தில் உள்ள பெயர்க்காரர் வெளிநாட்டில், கையெழுத்து எப்போதோ வைத்தது, நடுவில் இரண்டு பேர் கைமாறியாயிற்று என்றால் பெயர் மாற்றும் நாளில் நீங்கள்தான் அலைவீர்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதத்தைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். தகட்டில் பார்த்த சசி நம்பரை உடலில் பொறித்ததோடும் ஒப்பிடுங்கள்.

எடுத்த பிறகு

மச்சான் கடைசியில் மானிப்பாயில் ஒரு கார் எடுத்தான். 2015 வெசல், 118,000 கிலோமீற்றர். வவுனியாவுக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவருடையது. சேவிஸ் சீட்டுகள் எல்லாம் ஒரு ஷொப்பிங் பையில். எடுத்த முதல் கிழமையே 0டபிள்யூ-20 எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பிறேக் ஒயில் மாற்றினோம். பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தைத் துப்புரவாக்கினோம். பின் சீற்றில் அரிசிச் சாக்கு ஏற்றி அந்தத் துவாரத்தை அடைத்துவிடாதே என்று மாமியிடமும் சொல்லி வைத்தேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லி இரவு பஸ்ஸில் ஒரு எஞ்சின் மவுண்ட் எடுப்பித்தோம். எல்லாம் ஒழுங்கு.

பிறகு ஒரு ஞாயிறு போனபோது அவன் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் செம்போடு நிற்கிறான். கூலன்ற் போத்தலில் விரலளவு குறைந்திருந்ததாம்.

"உது என்ன தண்ணி?"

"கிணத்துத் தண்ணிதான். நல்ல தண்ணி, குடிக்கிற கிணறு."

மாமி குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தா. நான் உள்ளே போய் மற்றப் பழைய கேத்திலைக் கேட்டு வாங்கி வந்து, மூடியைத் திறந்து வெயிலில் சரித்துப் பிடித்தேன். அடியில் முட்டைக் கோது தடிப்பில் வெள்ளைப் படிவம். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல். குடிக்கிற கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. றேடியேற்றரின் குழாய்கள் கேத்தில் மூக்கை விட எத்தனையோ மடங்கு ஒடுக்கம்.

மச்சான் கேத்திலைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான். செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வாழைக்கு ஊற்றிவிட்டு, நீலக் கூலன்ற் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான்.