தெருவில் அறியாதவரைப் படமெடுக்கும் முன்

இந்தியாவில் பொது இடத்தில் நிற்கும் ஒருவரைப் படமெடுக்க அவருடைய முன் அனுமதி வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆனால் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி உடை மாற்றும் பெண்ணைப் படமெடுப்பதும் அதைப் பரப்புவதும் இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டிருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சட்டம் தடுக்காத இடத்திலும் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டும் அம்மாவிடம், கேமராவைத் தாழ்த்திப் பிடித்தபடி, "ஒரு படம் எடுத்துக்கலாமாம்மா?" என்று கேளுங்கள். முந்தானையை முகத்துக்கு இழுத்தால் அதுவே மறுப்பு. கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. சற்றுநேரம் பேசிக்கொண்டு நின்றால் அவர் விரல்கள் தாமாகவே நாருக்கும் மல்லிகைக்கும் திரும்பிவிடும், அப்போது எடுங்கள். எடுத்ததைத் திரையில் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்.

குழந்தைகளென்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும். நடைபாதையில் உறங்குபவரால் சம்மதம் சொல்ல முடியாது என்பதால் அவரை எடுக்கவே வேண்டாம். படம் விளம்பரத்துக்குப் போவதானால் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள்.