ஒற்றை இதழ் விமர்சனத்தில் நானும் செய்த தவறுகள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ்களுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கும் சிலர், வெளியிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி தம் கட்டுரைகளை எனக்கு அனுப்புகிறார்கள். படிக்கப் படிக்க, தொடக்க காலத்தில் நான் எழுதிக் குவித்தவற்றையே வேறு பெயர்களில் பார்ப்பது போலிருக்கிறது. கதை முழுவதையும் சுருக்கி ஒப்பித்துவிடுவது, கடைசிப் பக்கத் திருப்பத்தை முதல் பத்தியிலேயே போட்டு உடைப்பது ஆகியவற்றைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அவை தவறு என்பது எழுதுகிறவருக்கே தெரியும்.

இருபது பக்கத்திடம் முழுக்கதை கேட்பது

இன்றைய அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 20 பக்கம். தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அளவு எளிதில் பிடிபடுவதில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் சில பக்கங்களாகத் துண்டு துண்டாக வெளிவந்த தொடர். நம் கைக்கு அது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே புத்தகமாக வந்து சேர்ந்தது. அந்தப் பழக்கத்தோடு ஒரு தொடரின் நான்காம் இதழை எடுத்துவைத்துக்கொண்டு, வில்லன் யார் என்றே சொல்லவில்லை என்று குறைப்படுகிறோம். இந்த இதழ் தனக்கென்று எடுத்துக்கொண்ட வேலை என்ன, போன இதழில் நின்ற இடத்திலிருந்து யாராவது ஓரடியாவது நகர்ந்தார்களா என்று கேட்டால் போதும்.

சித்திரம் செய்த வேலைக்குக் கதாசிரியரைப் பாராட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அதற்கு நான் கொடுத்த விலையும் அதிகம்.

மார்வெல் நிறுவனத்தின் வில்வீர நாயகன் பெயரில் வந்த ‘ஹாக்ஐ’ தொடரின் 11ஆம் இதழை (2013) முதன்முதலில் கையில் எடுத்தபோது, வசனப் பலூன்களில் பெரும்பகுதி கிறுக்கலாக இருப்பதைக் கண்டு அச்சுக் கோளாறு என்றே நினைத்தேன். விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் படிக்க முயன்றது கூட நினைவிருக்கிறது. அந்த இதழின் நாயகன் லக்கி என்னும் நாய் என்பதும், நாய்க்குப் புரியும் ஓரிரு சொற்கள் மட்டுமே பலூனில் தெளிவாக இருக்கின்றன என்பதும் பிறகுதான் உறைத்தது. எதிர்ப்படும் ஒவ்வொரு மனிதரைச் சுற்றியும் சிறு சின்னங்கள் கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆள்மேல் வீசும் வாசனையும் அவரைப் பற்றி நாய் அறிந்தவையும் அந்தச் சின்னங்களில் அடக்கம்.

உற்சாகத்தில் நான்கு பத்தி எழுதினேன். நான்கும் கதாசிரியர் மேட் ஃப்ராக்ஷனுக்கு. வசனத்தைத் துறந்த துணிச்சல் என்றும் மௌனத்தின் கலை என்றும் அடுக்கிவிட்டு, இறுதியில் “சித்திரங்களும் அருமை” என்று ஒரு வரி. வரைந்த டேவிட் அஹாவின் பெயரும், வண்ணம் தீட்டிய மேட் ஹாலிங்ஸ்வொர்த்தின் பெயரும், அந்தக் கிறுக்கல்களைப் பலூன்களுக்குள் பொருத்திய கிறிஸ் எலியோபௌலோஸின் பெயரும் கட்டுரையில் எங்குமே இல்லை. அடுத்த ஆண்டு அந்த இதழ் சிறந்த ஒற்றை இதழுக்கான ஐஸ்னர் விருதை, அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் பெரிய விருதை, பெற்றபோது நான் பெருமையோடு அந்தக் கட்டுரையை எடுத்து, சித்திரம் வரையும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இந்தத் துணிச்சலை எந்தக் கட்டத்தில் கண்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் வரையப்பட்ட ஒரு சித்திரக் கட்டத்தைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், தாம் வரைந்த எதையும் அவர் என்னிடம் காட்டவில்லை.

இதை வெறும் மரியாதைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பல நேரங்களில் தகவலே பிழையாகிவிடுகிறது. மார்வெலில் 1960களில் வழக்கமாக இருந்த முறையில், ஓவியர் ஒரு கதைக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பக்கங்களை வரைந்து முடிப்பார். வசனம் அதற்குப் பின்னர்தான் எழுதப்படும். ‘அமேஸிங் ஸ்பைடர்மேன்’ தொடரில் 1965இல் வந்த 25ஆம் இதழிலிருந்து கதையமைப்புக்கான பெயரும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுக்கே தரப்பட்டது. அந்தப் பக்கங்களின் வேகத்தை, வசனம் எழுதிய ஸ்டான் லீயின் கணக்கில் எழுதிவிட்டால் என்ன ஆகும்?

அதே தொடரின் 121ஆம் இதழ், 1973, கெர்ரி கான்வே எழுதி கில் கேன் வரைந்தது. பாலத்திலிருந்து வீழ்த்தப்படும் காதலி க்வென் ஸ்டேசியின் காலை ஸ்பைடர்மேனின் வலை பற்றிக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்தருகே ‘ஸ்னாப்’ என்று சிறியதாக ஓர் ஒலிச்சொல். அவளை வீழ்த்திய வில்லன் கிரீன் காப்ளினோ, விழுந்த வேகமே அவளைக் கொன்றுவிட்டது என்கிறான். வசனத்தை மட்டும் படித்தவர் அவன் பேச்சை நம்பிக் கடந்துவிடுவார். அந்தச் சின்னஞ்சிறு எழுத்துகளைக் கண்டவருக்கோ, காப்பாற்ற நீண்ட வலையே அவளைக் கொன்றதோ என்ற ஐயம் எழும். திடீரென்று நின்ற அதிர்ச்சிதான் காரணம் என்று 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் பதிப்பாளர்களே விளக்க வேண்டி வந்தது.

இப்போது நான் எந்த இதழையும் முதலில் பலூன்களைப் படிக்காமல் ஒருமுறை புரட்டிவிடுகிறேன். நின்று பார்க்க வைத்த மூன்று கட்டங்களைக் குறித்துக்கொண்ட பிறகுதான் வசனத்துக்கு வருகிறேன். ஒரு யோசனை யாருடையது என்று உறுதியாகத் தெரியாதபோது, “இந்தப் பக்கம் இப்படிச் செய்கிறது” என்று பக்கத்தின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்.

பழைய இதழ்களைக் காட்டி மிரட்டுவது

முந்தைய நாற்பது இதழ்களைப் படித்திருப்பது நல்லதுதான். அவற்றில் இரண்டைச் சொன்னால் போதும்.

விலை

விலையைப் பற்றி ஒரு வாக்கியம் போதும்.

மதிப்பெண்

பத்துக்கு ஏழரை என்று நான் போட்ட இதழ்களை இன்று எடுத்துப் பார்த்தால், அந்த அரை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.